வேணியின் வண்டி நின்ற நாட்கள்

ஜூலை 3, வியாழன்

வேணி வந்துவிட்டாள். ஓசூரிலிருந்து தனியாகவே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என் தங்கை. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும்போதே சத்தம் கேட்டது. முன் சக்கரத்துக்குள்ளிருந்து யாரோ தட்டுவது மாதிரி டொக், டொக்.

அப்பாவின் முகத்தில் இடது பாதி சிரித்தது. வலது பாதி வழக்கம்போலச் சும்மா இருந்தது. "இந்தா, இந்தா" என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். தண்ணீருக்கும் இந்தா, கோபத்துக்கும் இந்தா, எனக்கும் இந்தா.

ஒரு வாரம் இருப்பாளாம். பதினொன்றாம் தேதி கிளம்பியாக வேண்டுமாம். பன்னிரண்டாம் தேதி அவள் மகள் இலக்கியாவுக்கு மாவட்ட அளவில் கோ-கோ இறுதிப் போட்டி. "அவ ஆடி நான் பாத்ததே இல்லக்கா. எப்பவும் ஆபீஸு. இந்தத் தடவை வாரேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நிதானமாக. நடுவில் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருப்பார், அப்பா இடது கையால் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டது. "நான் பாக்கேன், நீ குளி" என்று வேணி குரல் கொடுத்தாள். சீயக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 5, சனி

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறது, இப்படியே மதுரை ரோட்டில் போகப் பயமாக இருக்கிறது என்று வேணி சொன்னாள். அவளுக்கு லேப்டாப்பில் ஏதோ மீட்டிங். "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, நீ போயேன். அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்" என்று சாவியைத் தந்தாள்.

அப்பாவின் பழைய காரை விற்ற பிறகு நான் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. முதலில் இரண்டு தடவை எஞ்சின் அணைந்தது. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் நெரிசலைத் தாண்டியதும் சரியாகிவிட்டது. சுரண்டை ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் பட்டறை. திரும்பாமல் நேராகப் போய், கொஞ்ச தூரம் சும்மா ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். வண்டியில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள வேண்டுமே, அதற்காக.

பட்டறைக்காரர் பீர் முகம்மது என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். வேலையைவிட டீ அதிகம், டீயைவிடப் பேச்சு அதிகம். வண்டியைத் தூக்கி வைத்து, அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பிக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை கிடந்து ஆடியது.

"லோயர் ஆர்ம் புஷ் போயிட்டுக்கா. ரெண்டு பக்கமும்."

அந்தக் கை வண்டியின் உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்கிறது. அதுதான் புஷ். ரோட்டின் இடியை எல்லாம் அது வாங்கிக்கொள்ளுமாம். விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்த களிமண் மாதிரி வெடித்திருந்தது.

"இரும்புக்கு ஒண்ணும் ஆகல. ரப்பர்தான் செத்துட்டு" என்றார். "மதுரையில சொல்லிவிடுதேன், செவ்வாக்கிழம வந்துரும். புதன்கிழம வண்டிய எடுத்துக்கலாம்."

பழைய கார் சீட் ஒன்றைக் கழற்றித் தரையில் போட்டிருக்கிறார்கள், வருகிறவர்கள் உட்கார. அதில் உட்கார்ந்து டீ குடித்தேன். வேப்பமர நிழல். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அப்பா விழுந்த பிறகு நான் வெளியில் உட்கார்ந்து குடித்த முதல் டீ என்று நினைக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஸ்கூட்டியில் போனேன். பீர் இரண்டு இரும்புக் கைகளையும் கழற்றிப் போட்டிருந்தார். பழைய புஷ்ஷைப் பிரஸ் என்கிற அழுத்து மிஷினில் வைத்து அழுத்தினார். நெடுநேரம் அசையவே இல்லை. அப்புறம் துப்பாக்கி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். வெளியே வந்து விழுந்தது.

"அங்கேயே கிடந்து ஒட்டிப்போச்சு, பாத்தீயளா" என்று பீர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் வேணி அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி துண்டில், பாதி தரையில். "எப்பிடிக்கா நீ இத தினமும் செய்யித?" என்று கேட்டாள். நல்லவள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துப் பார்த்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் பீர் போன் செய்தார். "புஷ் வந்துட்டுக்கா. இன்னைக்கே ஏத்திருதேன்."

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். சொன்னார். நான் கேள்விப்படாத பெயர். ஓசூர் வரை ஓட வேண்டிய வண்டி. இப்போதுதான் ஒரு தடவை செய்கிறோம், நல்லதாகவே போடலாமே என்று தோன்றியது.

"ஒரிஜினல்தான் வேணும். இத திருப்பி அனுப்பிருங்க."

"இதுவும் நல்லாத்தான் உழைக்கும்க்கா. நீங்க அவசரம்னியளே?"

"அவசரம் ஒண்ணும் இல்ல."

வேணி கேட்டபோது இன்னும் வரவில்லை என்றேன். அது பொய் இல்லை. நான் கேட்டது வரவில்லைதானே.

ஜூலை 9, புதன்

குற்றாலத்துச் சாரல் இங்கேவரை அடித்தது. அப்பாவுக்கு வயிறு சரியில்லை. மூன்று தடவை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது, வேணியே மாற்றினாள். நான் மத்தியானம் தூங்கினேன். எழுந்தபோது எந்த நாள், என்ன வேளை என்று தெரியவில்லை. அப்படி ஒரு தூக்கம்.

ஜூலை 10, வியாழன்

வேணி ரயிலில் போய்விடுகிறேன் என்றாள். குற்றால சீசன் நேரம், எதிலும் இடமில்லை. பஸ்ஸாவது பார்க்கிறேன் என்று போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய இங்கன போட்டுட்டுப் போனா அப்புறம் யாரு கொண்டு வருவா?" என்றேன். "தினமும் ஆபீஸுக்கு எதுல போவ? நாளைக்கு முடிஞ்சிரும்னு சொல்லுதாரு."

"உறுதியா சொன்னாராக்கா?"

"சொன்னாரு."

போனைக் கீழே வைத்துவிட்டாள். பாவம், நான் சொன்னால் அப்படியே நம்பிவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எனக்கென்று தனியாகக் குடும்பம் இல்லை. அதனால் அப்பா என் பொறுப்பு என்பது யாரும் உட்கார்ந்து பேசாமலேயே முடிவாகிவிட்டது. நர்சரிப் பள்ளி வேலையை நான் விட்டபோது, "அக்கா இருக்கப்போய் நான் நிம்மதியா இருக்கேன்" என்று வேணி போனில் அழுதாள். அதை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

புது புஷ் வந்து, ஏற்றியும் ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கைகளை மாட்டிவிட்டு, போல்ட்டை முழுக்க முடுக்காமல் வண்டியை முதலில் தரையில் இறக்கினார். ஏன் என்று கேட்டேன்.

"தொங்கவிட்டு முடுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும்க்கா. சீக்கிரமே கிழிஞ்சிரும். வண்டி அது பாரத்துல அது நிக்கும்போதுதான் முடுக்கணும்."

அடியில் படுத்து முடுக்கினார். "சாயங்காலம் எடுத்துக்கிடுங்க."

"உங்க இடத்துலயே நிக்கட்டும். நான் சொல்லுதேன்" என்றேன். வீட்டு வாசலில் நிறுத்தினால் எதிர்வீட்டு ஆட்டோவுக்கு இடைஞ்சல்.

வேணியிடம் ஒரு போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை என்று சொன்னேன். திங்கட்கிழமை பழைய புஷ் அப்படித்தான் கழலாமல் படுத்தியது.

அவள் பஸ்ஸில் இடம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். "அம்மா என்ன செய்ய முடியும் பாப்பா, வண்டி நிக்கி" என்பது மட்டும் கேட்டது.

ஜூலை 12, சனி

இலக்கியாவின் அணி ஜெயித்துவிட்டது. வீடியோவில் மெடலைக் காட்டி, "நீ ஏம்மா வரல?" என்று கேட்டாள். நான் துணி காயப்போடப் போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பட்டறை விடுமுறை. அவியல் வைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் நான் மார்க்கெட்டில் இருந்தபோது வேணி எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மனைவி செண்பகத்தை அப்பாவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அதே ஆட்டோவில் பட்டறைக்குப் போயிருக்கிறாள். துருப்பிடித்த போல்ட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். எந்த போல்ட் என்று பீர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமையே வேலை முடிந்து வண்டி வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது, மேலே இலை விழுந்து கிடக்கிறது பாருங்கள் என்று காட்டியிருக்கிறார். அக்காதான் அவசரமில்லை என்றார்கள் என்று, பாவம், உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

நான் வெண்டைக்காய்ப் பையோடு வந்தபோது வண்டி வாசலில் நின்றது. வேணி அப்பாவின் அறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"செவ்வாக்கிழமையே புஷ் வந்துட்டாமே."

"அது லோக்கல்."

"யக்கா."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"எம்புள்ள கிரவுண்டுல நின்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நான் வந்துருவேன்னு. அவ அப்பாவுக்கு ஷிப்டு. வெளையாடி முடிஞ்சதும் எல்லாப் புள்ளைக்கும் அம்மா வந்திருக்கா, அவளுக்கு யாரும் இல்ல. ஏன்க்கா? என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? வேணி, என்னால முடியல, இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போன்னு."

"சொன்னா இருந்திருப்பியா?"

  அப்பா கட்டிலில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்வாள், அழுவாள், நானும் அழலாம் என்று காத்திருந்தேன்.

"இல்ல" என்றாள் வேணி. "இருந்திருக்க மாட்டேன். ஏதாவது சொல்லிட்டுப் போயிருப்பேன்."

"இந்தா" என்றார் அப்பா. டம்ளரைத் தட்டினார். தண்ணீர் வேண்டும் அவருக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்தோம். நான் முந்திக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பேசவில்லை. சாப்பாட்டை அவளே போட்டுக்கொண்டாள். மாடியில் நெடுநேரம் போனில் இருந்தாள். நாளைக்குக் கிளம்பிவிடுவாள். முறுக்கு சுற்றிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்து, மாவு வரை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

கிளம்பவில்லை. காபி குடிக்கும்போது சொன்னாள். "அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "விளையாடாதட்டி."

"அவர்ட்ட பேசிட்டேன்." அவர் என்றால் அவள் கணவர் செல்வகுமார். "எங்க வீடு கீழ்வீடுதான். பகல்ல பாத்துக்கிட ஒரு அம்மா வருவாங்க, பக்கத்துத் தெரு. அப்பாவப் பாக்க திருநெல்வேலி டாக்டர்ட்டயும் கேட்டாச்சு. நடுவுல மதுரையில சித்தி வீட்டுல ஒரு நாளு தங்கிப் போங்க, அப்பப்ப நிறுத்தி திருப்பிப் படுக்க வைங்கன்னு சொன்னாரு. பொங்கல் வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். அப்புறம் பேசுவோம்."

அவர் வேறு யார் ஊட்டினாலும் சாப்பிட மாட்டார் என்றேன். ஒரு வாரமாக நான்தானே ஊட்டுகிறேன் என்றாள். சளி பிடிக்கும், அந்த ஊர்க் குளிர் ஆகாது என்றேன். கம்பளி இருக்கிறது என்றாள். அவர் என்ன சொல்கிறார் என்று உனக்குப் புரியாது, ஒவ்வொரு இந்தாவும் வேறு வேறு என்றேன்.

"படிச்சிக்கிடுதேன்."

"அவ்வளவு தூரம் வண்டி குலுங்கும். எலும்பு வலிக்கும் அவருக்கு."

வேணி டம்ளரை வைத்தாள். "அதுக்குத்தானக்கா புஷ் மாத்திருக்கு."

அவள் கேலி செய்தாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இப்போதும் தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இத்தன வருஷமா எங்க போயிருந்த? இப்ப வந்து தூக்கிட்டுப் போறேன்னு சொல்லுத. எனக்குத் தண்டனையா?" என்று கத்தினேன். செண்பகம் வீட்டு ஜன்னல் திறந்தது.

"தண்டனை இல்ல" என்றாள் வேணி. "உன் மேல கோவம் இருக்கு. அது போக நாளாகும். அது வேற, இது வேற."

அப்பாவிடம் கேட்போம் என்றேன். அவர் போக மாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டைக் கட்டியவர். மின்வாரிய வேலையில் எந்த ஊருக்கு மாற்றினாலும் இங்கே இருந்தே போய் வந்தவர். கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். வேணி விவரமாகச் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது வலது கண்ணில் எப்போதும் நிற்கிறதுதான். பிறகு இடது கையை வேணியின் பக்கம் நீட்டி, "இந்தா" என்றார்.

அந்த இந்தாவை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஜூலை 17, வியாழன்

புது புஷ் போட்டால் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டுமாம். வேணி தென்காசிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கையை விட்டாலும் நேராகப் போகிறது என்றாள்.

அப்பாவின் வேட்டிகள், மாத்திரைகள், ரப்பர் விரிப்பு, முதுகுக்குப் பவுடர், அவருடைய தலையணை எல்லாம் எடுத்து வைத்தேன். கஞ்சியில் உப்பு எவ்வளவு, எந்தப் பக்கம் படுத்தால் இருமுவார், ஷேவ் செய்யும்போது எங்கே தொட்டால் கையைத் தட்டிவிடுவார் என்று வேணியிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். சொல்லி முடித்த பிறகு இன்னும் ஏதோ மிச்சம் இருப்பது மாதிரியே இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டு, மூன்று தடவையும் ஒன்றும் இல்லை என்று அனுப்பினேன்.

ஜூலை 18, வெள்ளி

போய்விட்டார்கள்.

பீர் வந்திருந்தார். செண்பகத்தின் வீட்டுக்காரரும் அவருமாக அப்பாவை நாற்காலியோடு தூக்கினார்கள். முன் சீட்டை முழுக்கச் சாய்த்து, தலையணைகளை அண்டக் கொடுத்திருந்தாள் வேணி. பெல்ட்டை நான்தான் மாட்டினேன். அப்பாவின் சட்டையில் சோப்பு வாசனை. இவ்வளவு பக்கத்தில் தினமும் குனிகிறேன், ஒருநாளும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. வாயைத்தான், கண்ணில் பீளையைத்தான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குப் பார்த்தேன். தாடை ஓரத்தில் எனக்கு இருக்கிற அதே மச்சம்.

"போயிட்டு வாங்கப்பா."

நல்ல கையால் என் தலையைத் தொட்டார். தொட்டாரா, பிடித்துக்கொள்ள எதையாவது தேடினாரா, தெரியவில்லை.  இந்தா கூடச் சொல்லவில்லை.

"இலக்கியாட்ட..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீயே பேசு. நான் சொல்ல மாட்டேன்" என்றாள் வேணி. வண்டியைக் கிளப்பினாள். பிறகு கண்ணாடியை இறக்கி, "நீ ரொம்ப போன் பண்ணாத. நான் பண்ணுதேன்" என்றாள்.

வேகத்தடையில் வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

பீர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.  டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். இன்னொரு நாள் வருகிறேன் அக்கா என்று போய்விட்டார்.

ஜூலை 19, சனி

வேணி பேசினாள். மதுரையில் சித்தி வீட்டில் நன்றாகத் தூங்கினாராம். இட்லி சாப்பிட்டாராம். இன்று ஓசூர் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம்.

பகல் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டேன். பிறகு அறையைக் கழுவினேன். பிறகு கழுவிய அறையையே இன்னொரு தடவை கழுவினேன். வாசல் கதவு திறந்தே கிடந்தது. கோயிலில் உச்சிக்கால மணி அடித்ததும் எழுந்து கஞ்சிப் பானையை எடுக்கப் போனேன். எங்கே வேண்டுமானாலும் போகலாம்.  படியில் இறங்கி, கேட் வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஓசூர் போய்ச் சேர்ந்ததும் இலக்கியாவே பேசினாள். "பெரியம்மா, தாத்தா என் மெடல விட மாட்டேங்காங்க. கையிலயே வச்சிருக்காங்க."

நன்றாக விளையாடினாயாமே என்றேன். ஆமாம் என்றாள். அம்மா வராததற்குக் காரணம் நான்தான் என்றேன்.  "தெரியும் பெரியம்மா. அம்மா போன்ல அப்பாட்ட பேசினது கேட்டுச்சு" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் உடனே வைத்துவிடவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

குற்றாலத்துக்குப் போகலாம் என்று காலையில் தோன்றியது. பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அத்தனை ஜனமும் எங்கிருந்தெல்லாமோ வந்து குளித்துவிட்டுப் போகிறது. நான் அருவியைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. மாற்றுப் புடவை, துண்டு, சீப்பு எல்லாம் பையில் வைத்தாயிற்று. கதவைச் சாத்திய பிறகுதான் பூட்டு இல்லை என்பது தெரிந்தது.

வீடெல்லாம் தேடினேன். பரண், அலமாரி, தையல் மிஷின் டிராயர். இல்லை. எப்போதும் யாராவது உள்ளே இருந்த வீடு. பூட்டுக்கு வேலையே இருந்ததில்லை.

செண்பகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மெயின் ரோட்டு இரும்புக் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கதவுதான் திறந்திருந்தது. கடைக்காரர் மூன்று நான்கை எடுத்துப் போட்டார்.

"எதுக்கும்மா? பீரோவுக்கா, கேட்டுக்கா?"

"வாசக் கதவுக்கு. வெளிய பூட்ட."

"எத்தன நாளைக்குப் போறீய?"

"தெரியல. சாயங்காலம் வந்துருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே பெரியதாக ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். புதுப் பூட்டு, எண்ணெய்ப் பிசுக்கு கையெல்லாம் ஒட்டியது.

வீட்டுக்கு வந்து கொண்டியைப் போட்டு, பூட்டை மாட்டி அழுத்தினேன். சாவியைப் பர்ஸில் வைத்தேன். நம்பிக்கையில்லாமல் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.